மறதிக்கு ஒரு மாத்திரை

பல்கலைக்கழகத்தில் டிஜிட்டல் மருத்துவத் தகவல் தொழில்நுட்பம் படித்த நிரோஷா, ப்ராஜெக்ட்டுக்காகச் சர்க்கரை நோயாளிகளின் வீடுகளுக்கு வாரந்தோறும் போய், சர்க்கரை அளவைப் பார்த்துச் செயலியில் பதிய வேண்டியிருந்தது. லிஃப்ட் இல்லாத குடியிருப்பின் நான்காம் மாடியில் தனியாக இருந்த மைமூன் வீட்டுக்கு மட்டும் முதல் வாரம் போனதோடு சரி; பிறகு இரண்டு மாதம் அவள் ஏறவில்லை. கீழே நின்றே நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதினெட்டு என்று தட்டிவிட்டுப் போனாள். எண்கள் நன்றாக இருந்ததால் மருத்துவமனையிலிருந்து யாரும் மைமூனைக் கூப்பிடவில்லை.

கால் புண் முற்றி, மைமூனின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே நிரோஷா ஓடினாள்.

வார்டில் அவளைப் பார்த்ததும் மைமூன் நகர்ந்து, கட்டிலில் இடம் கொடுத்தாள்.

"வாரா வாரம் வந்து பாத்திருக்கியாமே? டாக்டர் கம்ப்யூட்டர்ல காட்டுனாரும்மா. எனக்குத்தான் ஒண்ணுமே ஞாபகமில்ல."

"மறதிக்கும் இன்னைலேர்ந்து மாத்திரை எழுதியிருக்காங்க" என்றாள் நர்ஸ்.

நிரோஷா மைமூனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க ஞாபகம் சரியாத்தான் இருக்குக்கா. இந்த ரெண்டு மாசமா நான் வரவே இல்ல."

மைமூன் நர்ஸைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தீங்களா, என் மனசு நோகக் கூடாதுன்னு புள்ள பொய் சொல்லுது."

நர்ஸ் மாத்திரையை நீட்டினாள்.