அம்சம் வைத்த குழம்பு

"அம்சம், ஃபிரிட்ஜுக்குள்ள என்ன இது, செங்கல்லு மாதிரி?"

ஃப்ரீசர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார் மருதையன். உள்ளே மஞ்சள் பாரித்த இரண்டு கட்டிகள் கல்லாக இறுகிக் கிடந்தன.

"தொடாதீங்க. டோஃபு அது. சோயாவுல செய்யற பன்னீர். நாளைக்கு விருந்துக்கு வச்சிருக்கேன்."

"போன வாரம் குழம்புல போட்டியே, அதா? வாயில வச்சதும் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்து போச்சே!"

"அது அப்படியே போட்டது. மிச்சத்தை ஃப்ரீசர்ல வச்சுட்டு மறந்தே போயிட்டேன். அப்புறம் எடுத்து வெளியில வச்சா, ஐஸ் இளகி, உள்ள பூரா ஓட்டை ஓட்டையா ஸ்பாஞ்சு கணக்கா ஆயிருந்துச்சு. தண்ணியைப் பிழிஞ்சுட்டுப் பிச்சுப் போட்டேன். மசாலாவை அப்படியே குடிச்சிருச்சு. கடிச்சு மெல்லலாம், உதிரவே இல்லை."

மருதையன் கதவைச் சாத்தினார். முகத்தில் தெளிவில்லை.

மறுநாள் வரப்போகிறவர் ஐயாறப்பன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மருதையனின் மகன் எழிலன், கூட வேலை செய்யும் மங்களாம்பிகையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறான். அவளுடைய அப்பாதான் இவர். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் பெரிய பண்ணை வீடு அவர்களுடையது. மருதையனின் அப்பா அந்தப் பண்ணையில்தான் ஆளாக இருந்தார். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் செங்கொடி பிடித்ததற்காக, அவருடைய குடிசையை ஆள்விட்டுப் பிரித்துப் போட்டவர் ஐயாறப்பனின் அப்பா.

"எங்கப்பா கை கட்டி நின்னு அவங்களை 'ஆண்டே'ன்னு கூப்பிட்டாரு. நான் என்னன்னு கூப்பிடறது?"

"சார்னு கூப்பிடுங்க. எல்லாருக்கும் பொதுவா இருக்கும்."

"எரிவாயுக் கிணறு வேணாம்னு போராட்டப் பந்தல் போட்டோமே, அதுல பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தாரு. டீ கூட வாங்கிக் குடுத்தாரு. ஆனா நம்ம வீட்டுல கை நனைப்பாரா?"

"நனைக்கத்தானே வர்றாரு. அவங்க சைவமாம், எழிலன் போன்ல சொன்னான். அதான் புதுச் சட்டி வாங்கியிருக்கேன். ஊருல நாலு பேரு என்னைப் பத்திப் பேசறதே கறிக்குழம்பை வச்சுத்தான். அதே மசாலா, அதே பக்குவம். கறிக்குப் பதிலா இது."

"சோயான்னு சொல்லாதே. என்னமோ ஏதோன்னு நெனச்சுக்கப் போறாரு."

"சாப்பிட்டு முடிக்கட்டும். ருசி பிடிச்சிருந்தா அப்புறம் சொல்லிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐயாறப்பன் தனியாகத்தான் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை ஆப்பிள். மழை வந்தது, ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது என்று பேச்சு வயலையே சுற்றி வந்தது. கல்யாணத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

இலை போட்டாள் அம்சம். சோற்றின் மேல் குழம்பை ஊற்றினாள். எண்ணெய் மிதக்கும் குழம்பிலிருந்து சிவந்த துண்டுகள் இலையில் உருண்டன. சோம்பும் கசகசாவும் கூடம் முழுக்க மணந்தன.

ஐயாறப்பன் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். மென்றார்.

மெல்லுவது நின்றது.

அவர் இலையைப் பார்த்தார். பிறகு அம்சத்தைப் பார்த்தார். நெற்றியில் வியர்த்தது. கை சோற்றின் மேல் அப்படியே இருந்தது.

மருதையனின் தாடை இறுகியது. "என்ன சார்? எங்க வீட்டுச் சாப்பாடு இறங்கலையா?"

அம்சம் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். புதுச் சட்டி வாங்கி என்ன, வீடு பழைய வீடுதானே! மகனுக்குப் போன் போட்டு என்ன சொல்வது என்றுகூட அந்த நொடியில் யோசித்துவிட்டாள்.

ஐயாறப்பன் தண்ணீரை எடுத்து மடக் மடக்கென்று குடித்தார். "காரம்… கொஞ்சம் காரம், அவ்வளவுதான்" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தார். பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி, நிமிரவே இல்லை. ஒரு துண்டு மிச்சமில்லை.

அம்சம் தயங்கித் தயங்கி அகப்பையை நீட்டினாள். "இன்னும் ரெண்டு துண்டு போடட்டுங்களா?"

ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "போடுங்க."

அதையும் சாப்பிட்டார். இலையை மடித்துவிட்டுக் கை கழுவி வந்தவர், துண்டால் வாயைத் துடைத்தபடி சொன்னார்: "வைகாசியில ஒரு நல்ல நாளாப் பார்த்துடுவோம், சம்பந்தி."

மருதையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விட்டால் அழுதுவிடுவார் போலிருந்தது. "வெத்தலை… வெத்தலை வாங்கி வைக்க மறந்துட்டேனே!" என்று சட்டையைக்கூட மாட்டாமல் கடைத்தெருவுக்கு ஓடினார்.

கூடத்தில் அம்சமும் ஐயாறப்பனும் மட்டும். டோஃபு விஷயத்தை இப்போது சொல்லிவிடலாம் என்று அம்சம் சிரித்துக்கொண்டே வாயெடுத்தாள்.

அதற்குள் அவர் வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"தங்கச்சி, நான் சைவம்னு பிள்ளைங்க உங்ககிட்ட சொல்ல மறந்துட்டாங்க போல. ஆட்டுக்கறியை நான் வாயில வச்சது வாழ்க்கையிலேயே இன்னிக்குத்தான். மங்களத்துக்குத் தெரிய வேணாம்மா… எங்கப்பா செஞ்சதுக்கு அப்புறமும் என்னைக் கூப்பிட்டு இலை போட்டீங்க, அதுல எதையும் ஒதுக்கி வச்சுட்டு எழுந்திரிக்க எனக்கு மனசு வரலை."