ஞாயிற்றுக்கிழமைப் பரோட்டா

ஞாயிறுதோறும் எண்ணெய் பரோட்டா போட்டால் விடுதி நிரம்பிவிடும் என்று முத்துக்கிருஷ்ணன் சொன்னபோது கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. கல்லூரிக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தவரைப் பார்த்துச் சிரிக்க விருதுநகரில் யாருக்கு வாய் வரும்?

பெண்கள் விடுதியில் மாடி முழுக்கக் காலியாகக் கிடந்தது. வருமானத்தைக் கூட்ட வழி சொல்லுங்கள், இல்லையென்றால் மாடியைக் காலண்டர் அடுக்கும் குடோனாக வாடகைக்கு விட்டுவிடுவோம் என்று செயலாளர் பலவேசம் அந்தச் சனிக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்.

முத்துக்கிருஷ்ணனுக்குச் சிவகாசியில் காலண்டர் அச்சகம். சீசனில் குடோன் கிடைக்காமல் அலைகிறவர். அந்த மாடியை முதல் ஆளாகக் கேட்டு வாங்க வேண்டியவரே அவர்தான். அவரோ பரோட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் வாதம் எளிமையானது. ஏழு வருடத்துக்கு முன்னால் இந்த விடுதியில் ஒரு கட்டில்கூடக் காலி இல்லை. அந்த வருடம்தான் ஞாயிறு தவறாமல் பரோட்டா வந்தது. அது நின்றது, பிள்ளைகளும் போய்விட்டார்கள். ஆகவே பரோட்டா வந்தால் பிள்ளைகள் வருவார்கள், பிள்ளைகள் வந்தால் பணம் வரும்.

இது சரிதானா என்று பார்த்துச் சொல்லும் வேலை புள்ளியியல் ஆசிரியை எழிலின் தலையில் விழுந்திருந்தது. சின்னப் பெண். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவரின் மகள். இதே விடுதியில் தங்கிப் படித்துவிட்டு இங்கேயே வேலைக்கு வந்தவள்.

பெரியவர் மனம் கோணாமல் சொல்லத்தான் பார்த்தாள்.

அந்த வருடம் ரயில்வே பாலத்தில் வேலை நடந்தது. ஆட்களை ஏற்றிப்போகும் பட்டாசுக் கம்பெனி வேன்கள் இந்தப் பக்கமே வராமல் சுற்றிக்கொண்டு போயின. சாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வேறு வழியில்லாமல் விடுதியில் சேர்ந்தார்கள். பாலம் திறந்ததும், அம்மா கம்பெனிக்கு, மகள் கல்லூரிக்கு என்று ஒரே வேனில் வர ஆரம்பித்தார்கள். பரோட்டா யாரையும் கூட்டி வரவும் இல்லை, விரட்டவும் இல்லை.

"பரோட்டாச் செலவை நான் பாத்துக்கிடுறேன்ம்மா."

"அப்ப அது வருமானத்துல சேராதுய்யா."

இதற்கு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முத்துக்கிருஷ்ணனும் சிரித்து வைத்தார். மாடி குடோனாகட்டும் என்று முடிவாயிற்று.

ஒரு தாள் பிசகாமல் ஆர்டருக்குக் கணக்குப் போடுகிற மனிதருக்குப் பாலம் தெரியாதா? நன்றாகத் தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடையிலிருந்து அதைச் சுற்றிக்கொண்டுதான் அவருடைய லோடு வேன் பரோட்டாப் பொட்டலங்களும் சால்னா வாளியுமாக ஞாயிறுதோறும் இங்கே வந்தது.

அப்போது அவர் மகள் அனுப்பிரியாவுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். வீடு இரண்டே தெரு தள்ளித்தான். அடுத்து சென்னையில் மேல்படிப்பு என்றாள் அவள். படித்தது போதும், இனிக் கல்யாணம் என்றார் இவர். அப்படியானால் உங்கள் வீடும் வேண்டாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்கு வந்துவிட்டாள். அப்பன் பிடிவாதம் மகளுக்கு வராமல் எங்கே போகும்?

முதல் ஞாயிறு பார்க்கப் போனார். பாப்பா படிக்கிறதாம் என்று வாட்ச்மேன் வந்து சொன்னார்.

அவளுக்கு மட்டும் ஏதாவது வாங்கிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவாள். அதனால் அடுத்த ஞாயிறு விடுதிக்கே பரோட்டா வாங்கி வாசலில் இறக்கினார். அத்தனை பொட்டலத்தில் ஒன்று அவளுக்கும் போகுமல்லவா. அவள் தின்றாளா, தொடவே இல்லையா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. ஒருநாளும் அவள் இறங்கி வரவில்லை.

படிப்பு முடிந்ததும் பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவுக்குப் போன் வரும். பக்கத்து வீட்டுப் பூனைவரைக்கும் விசாரிப்பாள். "அப்பாகிட்ட குடு" என்று மட்டும் சொல்ல மாட்டாள். அந்த ஒரு வார்த்தைக்கு முத்துக்கிருஷ்ணன் ஏங்கினார். அது வராது என்று தெரிந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் பொறுக்காமல், போன் அடிக்கும் நேரத்துக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

மறுபடி ஒரு ஞாயிறு வேனில் பரோட்டாவோடு இந்த வாசலில் வந்து நிற்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். வருமானமாவது, ஒன்றாவது.

கூட்டம் கலைந்து அவர் வாசலுக்கு வந்தபோது எழில் பின்னாலேயே வந்தாள்.

"ஐயா, பாலத்துக்காகத் தங்காத புள்ள ஒண்ணு இருந்துச்சு. அதைக் கூட்டத்துல சொல்ல மனசு வரல."

முத்துக்கிருஷ்ணன் நின்றார்.

"இருக்கன்குடிக் கோயிலுக்குப் போவம்னு அனுவைக் கூப்பிட்டேன்யா. ஞாயித்துக்கிழம வேண்டாம்டி, அப்பா வருவாகன்னுட்டா. மேல வராண்டாவுலதான் நிப்பா. உங்க வேன் திரும்பிப் போறதைப் பாத்துட்டுத்தான் பொட்டலத்தைப் பிரிப்பா."

குடோனாகப் போகிற மாடியை அவர் அண்ணாந்து பார்த்தார். அத்தனை ஞாயிறும் அவள் படியிறங்கி வருகிறாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றவர், ஒருநாளும் மேலே பார்த்ததில்லை.

வேனில் ஏறி உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி எடுத்தாள்.

"நாளைக்குச் சாயந்தரம் நான் எங்கனயும் போகல," என்றார்.