தைத்த பாவாடையில் மடிப்பு ஏது

கோடையில் வெளிவேலை பார்க்கும் ஆண்கள் முழங்கால் வரை பாவாடை உடுத்தத் தொடங்கி மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஞானப்பிரகாசத்துக்கு மட்டும் இன்னும் கண் பழகவில்லை.

மகள் செலினுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை அருளப்பன் மின்கம்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். பாவாடைப் பைகளில் ஸ்பேனர்கள் துருத்திக்கொண்டிருந்தன. அவனுக்குத் தெரியாமல் எதிர்ப்புற டீக்கடையிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனில் மனைவி லூர்து கேட்டாள்: "பாத்தீங்களா?"

"பாத்தேன். இந்தப் பாவாடையோட நாலு பேரு முன்னால எப்படி மரியாதையா நிப்பான்? வேண்டாம்னு சொல்லிருவோம்."

"அத நீங்களே செலின்கிட்ட சொல்லுங்க. என்னால ஆகாது."

அப்போது அவர் தினமும் பார்க்கும் தெருக் கூட்டும் பெண் செம்பில் மோருடன் கம்பத்தடிக்கு வந்தாள்.

"எய்யா, எறங்கி ஒரு வாய் குடிச்சிட்டுப் போ."

அருளப்பன் இறங்கினான். செம்பை வாங்குமுன் அவன் கைகள் இரண்டும் இடுப்பைத் தடவித் தேடின. மதிக்கிறவர் எதிரே வந்தால், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடும் பழக்கம் அது.

"தைச்ச துணியில எதய்யா தேடுத?" என்று அவள் சிரித்தாள்.

அவனும் வெட்கத்துடன் சிரித்து, இரு கைகளாலும் செம்பை வாங்கிக்கொண்டான்.

வெறும் செம்போடு அவள் டீக்கடையைக் கடந்தபோது, ஞானப்பிரகாசம் எழுந்து தம் வேட்டி மடிப்பை இறக்கிவிட்டார். அவளுக்காக அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

பிறகு போனை எடுத்தார்.

"லூர்து, ஞாயித்துக்கிழம கோயில்ல செலின் கல்யாண ஓலைய எல்லாருக்கும் வாசிக்கச் சொல்லிருவோம்."