எடுக்காத சுண்டுவிரல்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்று பலிபீடத்தில் கைவைத்துச் சத்தியம் செய்யலாம். அந்த ஞாயிறு ஆராதனையின் முடிவில் ஆர்கனிஸ்ட் ஞானாபரணம் வாசித்தது, அவரே எழுதிய புது இசை. அது முடிந்ததும் கமிட்டி கூடி, பைப் ஆர்கனைக் கழற்றி விற்றுவிட்டு ஒரு கீபோர்டு வாங்கத் தீர்மானம் போடுவதாக இருந்தது. ஆர்கன் ஓயும்வரை யாரும் முழங்காலிலிருந்து எழும்பக் கூடாது என்பது அந்தச் சபையின் வழக்கம். ஞானாபரணம் கடைசிக் கட்டையை வலது சுண்டுவிரலால் அமுக்கினார். பிறகு எடுக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்துக் கமிட்டிச் செயலாளர் பொன்னையா முழங்காலாலேயே நகர்ந்து வந்தார்.

“அண்ணாச்சி, பாட்டு முடிஞ்சிட்டுல்லா?”

“இப்பதானவே சூடு பிடிக்கு.”

“முட்டி தேயுது அண்ணாச்சி. விரல எடுங்க.”

“நீரு எழுதி வச்சிருக்க தீர்மானத்தக் கிழிச்சுப் போடும். நான் எடுக்கேன்.”

பொன்னையா கிழிக்கவில்லை. மழைக்காலம் வந்து போயிற்று. அந்த ஒற்றை ஒலியின் கீழேயே மூன்று கல்யாணங்களும் ஒரு ஞானஸ்நானமும் நடந்தன, எல்லாம் முழங்காலில். ஞானாபரணத்துக்கு மனைவி ரெபேக்காள் இட்லி ஊட்டிவிட்டாள். விரல் மரத்தது, அரித்தது, துடித்தது. ஒரு நொடி எடுத்துச் சொறிந்தாலும் ஆர்கன் போய்விடும். மீதி ஒன்பது விரல்களை வைத்துப் பதினோரு பெரிய இசைக்கோவைகளை எழுதி முடித்தார். ஜெர்மனியிலிருந்து வந்த விருதை இடது கையால் வாங்கினார். நாலாம் வருஷம் பொன்னையா தீர்மானத் தாளைக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே கிழிக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, அந்த விரலையே பார்த்தார்.

ஞானாபரணத்துக்கு வலது சுண்டுவிரல் பிறவியிலேயே கிடையாது.