அல்லவும் இல்லையும்

"நோயாளிகளைப் பிரிக்கிற எக்ஸ்எம்எல் ஃபில்டர்ல தப்பு! பென்சிலின் ஆகாத ஏழாம் படுக்கை, பென்சிலின் ஊசிப் பட்டியல்ல இருக்கு!" ஆஸ்பத்திரி மென்பொருளை எழுதியவர் செல்போனில் படபடவென்று தட்டினார்.

உடன் வேலை பார்ப்பவளின் பதில் வந்தது. "'ஒவ்வாமை பென்சிலின் அல்ல'ன்னா பட்டியலுக்குள்ளே விடச் சொல்லி நீங்கதானே சார் எழுதினீங்க?"

"ஏழாம் படுக்கைக்கு வேர்க்கடலையும் ஆகாது. வேர்க்கடலை பென்சிலின் அல்லவே! அது போதும்னு உள்ளே விட்டுடுச்சு. 'பென்சிலின் ஒவ்வாமை இல்லை'ன்னு மாத்தும்மா."

"சாப்பிட்டுட்டு மாத்தறேன். அவரே நர்ஸ்கிட்ட வாயைத் திறந்து சொல்ல மாட்டாரா?"

"சாப்பாட்டுல கைவைக்காதே! இப்பவே மாத்து!"

படுக்கையைச் சுற்றியிருந்த திரை விலகியது. ஊசியோடு நர்ஸ்.

"ஏழாம் படுக்கை, கையை நீட்டுங்க."

தாடையைக் கம்பியால் கட்டிப் படுக்க வைத்திருந்த அவர், செல்போனை நழுவவிட்டுத் தலையை வேகமாக ஆட்டினார்.

"ஊசின்னா இவ்வளவு பயமா?" சிரித்தபடி அவர் கையைப் பிடித்தவள், கடைசியாக ஒருமுறை பட்டியலைத் திறந்தாள்.

"அட, உங்க பேர் இதுல இல்லையே!"