பெட்டிக்கு மட்டும்

பக்கத்து நாட்டு உலோகத்துக்குப் புது வரி வந்து மூன்றே நாள். சுங்கக் கிடங்கில் ஓர் ஆணியைக்கூட வரியில்லாமல் விடாத அதிகாரிக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர்.

அன்று அந்த நாட்டிலிருந்து சாக்குச் சுற்றி, முத்திரை வைத்த பெட்டி ஒன்று வந்து இறங்கியது. அதன் தாள்களைத் தராசே வாங்கி வைத்துக்கொண்டார்.

"நூத்திப் பத்து கிலோ, சார். பெட்டியே துத்தநாகத் தகட்டுல செஞ்சது," என்றார் எடை போடுபவர்.

"உள்ள இருக்கறதுக்கு வரி கிடையாது. எழுபது கழிச்சுட்டு, பெட்டிக்கு நாப்பது கிலோன்னு எழுதுங்க."

"ஒத்தப் பெட்டிதானே சார், கண்டுக்காம விட்டுடலாமே?"

"யாரா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான்."

எடை போடுபவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதருக்கு ஈவிரக்கமே கிடையாதா?

"திறந்தே பாக்கல. எழுபதுன்னு எப்படி சார் சொல்றீங்க?"

தராசு தன் சட்டைப்பையிலிருந்தே வரிப் பணத்தை எடுத்து வைத்தார். பெறுபவர் என்ற இடத்தில் தானே கையெழுத்துப் போட்டார்.

"போன மாசம் எம்பையன் அங்க வேலைக்குக் கிளம்பினப்ப, இதே மேடையில ஏத்தி எடை பார்த்தேன். எழுபதுதான் இருந்தான்," என்றார். "நல்லா சாப்பிட்டு, எடை ஏறி வாடான்னு சொல்லி அனுப்பினேன்."