வயிறு தள்ளிய சுவர்

"பொய்! பச்சைப் பொய்!"

இயற்பியல் வாத்தியார் மை கசியும் சிவப்புப் பேனாவை விடைத்தாள் கட்டின் மேல் வீசினார். தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அப்போதுதான் ஒரு படம் வந்து விழுந்திருந்தது. விடாமழை ஓய்ந்து அடிக்கும் வெயிலில் ஒரு செங்கல் சுவர் வயிறு தள்ளி நின்றது. கீழே ஒரே வரி: 'சுவர் விழப்போகுது, உடனே வெளிய ஓடுங்க!'

அனுப்பியது யாரென்று பார்த்ததும் அவருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் மருந்துக்கடைக்காரம்மா. வாத்தியார் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'ஃபார்வேர்டு திலகம்'.

சும்மாவா வைத்தார்? அணை உடைந்துவிட்டதென்று எந்த நாட்டுப் படத்தையோ போன மாதம் இதே குழுவில் தட்டிவிட்டவள் அவள்தான். தெருவே அலறியடித்து ஓடிய நெரிசலில் வாத்தியாரின் மனைவி விழுந்தாள். கால் முறிந்து, கட்டுப் போட்டு, இன்னும் பின்னறைக் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. இனி ஒரு பொய்ப் படம் இந்தத் தெருவில் யாரையும் கீழே தள்ளக் கூடாது என்றுதான் அவர் வீம்பாகக் குழுவுக்கு அட்மின் ஆனார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, குரல் பதிவில் பொரிந்து தள்ளினார்.

"யாரும் அசையாதீங்க! இது ஏஐ பண்ண படம். செங்கல் வரிசை எங்கயாவது இப்படி வளையுமா? நிழல் ஆளுக்கொரு பக்கம் விழுது. மேல கொடியில காயற சட்டையைப் பாருங்க, பாக்கெட்ல திட்டுத் திட்டா சிவப்பு! ஒரு சட்டையைக்கூட அதுக்கு ஒழுங்கா வரையத் தெரியல. கொஞ்சமாவது அறிவியல் படிங்கய்யா!"

கட்டைவிரல்களும் கைதட்டல்களும் வந்து குவிந்தன. மருந்துக்கடைக்காரம்மா அடுத்த வரியைத் தட்டிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. "இன்னும் என்ன அளக்கப் போற?" என்று பல்லைக் கடித்தவர், அவளைக் குழுவிலிருந்தே தூக்கினார்.

பின்னறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "என்னங்க, அவ என்னதான் சொல்ல வந்தான்னு கேட்டிருக்கலாமே?"

"உன் காலை உடைச்சவளுக்கு நீயே வக்காலத்தா? பேசாமப் படு!"

போன் அடித்தது. அவள்தான். துண்டித்தார். உடனே மறுபடி அடித்தது. அதையும் துண்டித்தார். பிறகும் விடாமல் அடிக்கவே, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவதென்று எடுத்தார்.

"உங்களுக்கு வெக்கமாவே இல்லையா? இது எந்த ஊர்ச் சுவரும்மா?"

அழுகையும் ஆத்திரமுமாக அவள் கத்தினாள்.

"எங்க மொட்டைமாடியிலருந்து நான் எடுத்தது சார்! உங்க பின்னறைச் சுவர் அது, அக்காவைத் தூக்கிட்டு ஓடியாங்க!"